வரத்துக்காலில் ஒரு கடைத்தெரு

நான் ஜெயித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றிருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது. ஈப்போவில் யாராவது கேட்டால், "காரைக்குடியா? வெயில் ஜாஸ்தி" என்று பேச்சை மாற்றிவிட்டுப் போயிருப்பேன்.

போன காரியம் சின்னதுதான். ஈப்போவில் நான் கட்டட மேற்பார்வையாளன். பதினைந்து வருஷமாகக் கடை வரிசைகள் கட்டுகிறேன். என் முதலாளி செட்டிநாட்டுக்காரர், பத்து வயதில் கப்பலேறி வந்தவர். அவருடைய தங்கை விசாலாட்சி ஆச்சிக்குக் காரைக்குடிக்கு வெளியே, திருப்பத்தூர் போகிற ரோட்டோரமாக ஒரு மனை இருந்தது. அதில் இருபது கடையும், ஒரு காபி கிளப்பும், மேலே வெளியூர்க்காரர்கள் தங்கச் சில அறைகளும் கட்ட ஆச்சி ஆசைப்பட்டார். "போய்க் கட்டிக் கொடுத்துவிட்டு வா. அங்கே உள்ளவர்களுக்கு வீடு கட்டத் தெரியும், கடை கட்டத் தெரியாது" என்றார் முதலாளி. தன் ஊரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மலேயா மலேசியாவாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆச்சி ஊரில் இன்னும் யாரும் அந்தப் புதுப் பெயரைச் சொல்லத் தொடங்கவில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. ஈப்போவில் பிறந்து ஈப்போவிலேயே வளர்ந்தவன். இந்தியாவைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. கப்பலில் எத்தனை நாள், எந்த ரயில், எங்கே மாறினேன் என்றெல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. பெட்டிக்குள் கொஞ்சம் துணியும், துணிகளைவிடப் பத்திரமாக, மட்டம் பார்க்கும் கருவி ஒன்றும் இருந்தன. முக்காலியில் நிறுத்தி, குழாயில் கண் வைத்துத் தரையின் ஏற்ற இறக்கம் பார்ப்பது. சுங்கத்தில் ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டுத் துப்பாக்கியா என்று கேட்டார்.

காரைக்குடியில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் தொப்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் மலாய் மொழியில் பேச ஆரம்பித்தார்கள். "பினாங்குச் சந்தைத் தொப்பி இது. இங்கே யாரோ இவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்" என்றார் ஒருவர். "ஏமாந்திருப்பான். ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே" என்றார் மற்றவர். "ஈப்போவில் வாங்கியது. பேரம் பேசித்தான் வாங்கினேன்" என்று நானும் மலாயிலேயே சொன்னேன். இருவரும் திடுக்கிட்டு, அப்புறம் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். தைப்பிங்கில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களாம். என் பெட்டியை வாங்கித் தங்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது ஒருவர், "குளிக்கும்போது பார்த்துக் குளி, இது ஈப்போ இல்லை" என்றார்.

அதன் அர்த்தம் மறுநாள் காலையில் விளங்கியது. ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். எனக்குத்தான் என்று நினைத்து அத்தனையையும் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். துவட்டிக்கொண்டு திரும்பினால் வீட்டிலுள்ளவர்கள் காலி அண்டாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அன்றைக்கு வீட்டில் இருந்த ஆறு பேருக்கும் இறைத்து வைத்த தண்ணீர். கிணற்றில் அதற்கு மேல் ஊற மறுநாள் ஆகுமாம்.

ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல தம்பி, குளிச்ச தண்ணி வாழைக்குத்தேன் போகுது. இன்னைக்கு எங்க வீட்டு வாழை நல்லாக் குளிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, இலையைப் போட்டு வெள்ளைப் பணியாரம் வைத்தார். பஞ்சு மாதிரி பணியாரம், கண்ணில் நீர் வரவழைக்கும் மிளகாய்ச் சட்னி. வெட்கத்தை மறந்து பன்னிரண்டு தின்றேன். தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டதும் அந்த வேளையில்தான். அன்று நான் எதைத் தொட்டாலும் தண்ணீர் வீணானது.

அந்த வீட்டில் தண்ணீருக்கும் ஜாதகம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அது குளிக்க, கழுவ. ஊருணித் தண்ணீர் குடிக்க. நடு முற்றத்துக் கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைத் தண்ணீர் பருப்பு வேகவைக்க மட்டும். அதில் வெந்தால்தான் பருப்பு குழையுமாம். எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் வரும், திறந்தே விட்டாலும் வரும். நான் வந்த நாலாம் நாள் ஒரு கால்மணி நேரம் தூறல் விழுந்தது. ஈப்போவில் மழை வந்தால் ஆட்கள் உள்ளே ஓடுவார்கள். இங்கே பாத்திரங்கள் வெளியே ஓடின. ஆச்சி முதலில் வந்த தண்ணீரைப் பிடிக்க விடவில்லை. "ஓட்டுமேல உள்ள தூசி, காக்கா எச்சம் எல்லாம் கழுவிட்டுப் போகட்டும், பொறுங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்துக் கையை இறக்கினார். உடனே ஏழெட்டு அண்டாக்கள் தாழ்வாரத்து விளிம்புக்குக் கீழே போயின. எனக்குச் சிரிப்பாக இருந்தது. படிக்க வேண்டிய பாடம் அது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மனைக்கு வருவோம். வேலைக்குச் சுப்பையா ஆசாரியை ஏற்பாடு செய்திருந்தார் ஆச்சி. கட்டட வேலை செய்யும் ஆசாரிக் குடும்பம். என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே பிடிவாதக்காரர். மனையின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பள்ளத் தடம் ஓடியது. முழங்கால் ஆழம், வண்டி போகிற அகலம். அதில் சக்கரத் தடமும் ஆட்டுப் புழுக்கையும் காய்ந்த நெருஞ்சியும் கிடந்தன. வண்டிப்பாதை என்று முடிவு செய்தேன். அதோடு விட்டேனா? பாதி தோண்டிய பள்ளம் சும்மா கிடக்கிறதே, முன்வரிசைக் கடைகளின் அஸ்திவாரத்தை அதிலேயே போட்டால் மண்வெட்டும் வேலை மிச்சம் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

சுப்பையா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, இது வரத்துக்காலுல்ல? ஊருணிக்குத் தண்ணி வர்ற வழில்ல?"

"தண்ணீர் எங்கே இருக்கிறது?"

"இப்ப எப்புடி இருக்கும்? மழை பேஞ்சாத்தேன் வரும்."

நான் பார்க்காத தண்ணீரா என்று சிரித்தேன். எங்கள் ஊரில் சாயங்காலமானால் மழை. தெருவுக்குத் தெரு ஆளை முழுங்குகிற ஆழத்தில் சாக்கடை, லொங்காங் என்போம். அதில் எந்நாளும் தண்ணீர் ஓடும். தண்ணீர் இல்லாத கால்வாய் என்று ஒன்றை நான் ஜன்மத்தில் கண்டதில்லை. தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் மனையைவிட்டுத் துரத்துகிறோமோ அவ்வளவு நல்ல கட்டடம் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் வரைபடத்தில் முற்றம் முழுக்கச் சிமெண்டு, நாலு பக்கமும் சாக்கடை, அதன் வாய் ரோட்டைப் பார்த்து. ஆச்சி பார்த்துச் சரி சொன்னதும் அந்த வரைபடத்தைத்தான். அதில் பள்ளத்தை நான் குறிக்கவே இல்லை.

"நீங்க சொன்னாச் செய்யிறேன்யா. ஆனா நாஞ் சொன்னேங்கிறதை மட்டும் மறந்துறாதீக" என்றார் சுப்பையா. அடுத்த மூன்று வாரத்தில் அஸ்திவாரம் தோண்டி, பள்ளத்தின் குறுக்கே கல்லும் போட்டுவிட்டோம்.

புரட்டாசி பிறந்து சில நாளில், ஒரு மாலை தெருவில் தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவர் போனார். "நாளைக்கு வரத்துக்கா வெட்டு! வீட்டுக்கு ஒரு ஆளு, மம்பட்டியோட வந்துருங்கப்போவ்!" எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் காலை மனையில் நின்றுகொண்டிருக்கிறேன். மேற்கே புழுதி கிளம்பியது. ஆணும் பெண்ணுமாக ஊரே மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் மேடு தட்டியிருந்த மண்ணை வெட்டி இரண்டு கரையிலும் போட்டுக்கொண்டே, பாட்டும் கேலியுமாக, நேராக என்னை நோக்கி வந்தார்கள். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் நடக்கிற வேலையாம். வெட்டிக்கொண்டு வந்தவர்கள் என் அஸ்திவாரத்துக் கல்லில் மண்வெட்டி மோதி நின்றார்கள். பாட்டு நின்றுவிட்டது.

முன்னால் வந்தவர் பாண்டியம்மாள். பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். ஊருணிக் கரையில் வீடு. அவர் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பள்ளத்துக்குள் இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"மலேயாக்காரரே, என்ன கட்டுறீக?"

"கடை."

"நல்லாக் கட்டுங்க. தண்ணி எங்குட்டுப் போகும்?"

நான் ரோட்டைக் காட்டினேன். கூட்டம் முழுவதும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தது.

"ஏன், ரோட்டுக்கா தாகம் எடுக்குது?" என்றார் பாண்டியம்மாள். யாரும் சிரிக்கவில்லை. "எங்களுக்கு எடுக்குது. இந்த ஊருணி வத்துனா அடுத்த ஊருணி ரெண்டு மைலு. இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு தூக்கிக்கிட்டு நீங்க நடப்பீகளா?" மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆச்சிக்கு ஆள் போயிற்று. கால்மணி நேரத்தில் வெயிலில் நடந்தே வந்துவிட்டார். பள்ளத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், சுப்பையாவைப் பார்த்தார். சுப்பையா வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், அவர் பக்கம்தான் நியாயம். அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "சுப்பையா முதல் நாளே சொன்னார், ஆச்சி. நான்தான் கேட்கவில்லை" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கஷ்டமான வாக்கியங்களில் அது ஒன்று.

ஆச்சி தானும் பள்ளத்துக்குள் இறங்கினார். பிறகு பாண்டியம்மாளைப் பார்த்து, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "ஏத்தா, எந்திரி. இந்தக் கல்லை இன்னைக்கே எடுக்கச் சொல்றேன். கடையும் கட்டுவேன், தண்ணியும் வரும். இந்த மழைக்கு ஊருணியில ஏழாம் படி நனையலைன்னு வையி, கட்டுனதெல்லாம் நானே நின்டு இடிச்சுப்புடுறேன். இது என் வாக்கு."

ஏழாம் படி என்பது அந்த ஊரின் அளவு. ஊருணியின் படித்துறையில் பதினோரு படிகள். கீழிருந்து எண்ணி ஏழாவது நனைந்தால் கோடையைத் தாண்டலாம். நனையாவிட்டால் சித்திரையில் இரண்டு மைல் நடை. அந்த நிமிஷத்திலிருந்து என் வேலை, என் பெயர், ஆச்சியின் வாக்கு, அந்தப் பெண்களின் இடுப்பு எல்லாம் அந்த ஏழாம் படியில்தான் இருந்தன.

நான் நைசாக நழுவப் பார்த்தேன். ஆச்சி விடவில்லை. "வீட்டுக்கு ஒரு ஆளுல்ல? எங்க வீட்டுக்கு இன்னும் ஆளு வரலை. இந்த வருசம் எங்க வீட்டு ஆளு இவுகதேன்" என்று ஒரு மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் வரை வெட்டினேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. மதியம் புளிச்சோறும் துவையலும் கொடுத்தார்கள்; அந்தப் பசிக்கு அதற்கு ஈடான விருந்தை நான் எங்கும் சாப்பிட்டதில்லை. கருவியின் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தபோது தெரியாதது, குனிந்து மண் வெட்டும்போது தெரிந்தது. ஒவ்வொரு தெருவும் வரத்துக்காலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. வீடுகளின் வடிகாலும், கோயில் பிராகாரத்து மதகும், மேற்கே தரிசு மேடும் எல்லாமே இந்தப் பக்கம்தான் பார்த்தன. விழுகிற மழையை ஊரே சேர்ந்து ஒரே பாத்திரத்தில் பிடிக்கிறது. அதன் வாயில்தான் நான் கல்லைப் போட்டு அடைத்திருந்தேன்.

மறுநாள் காலை பழைய வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சுப்பையாவோடு மனையில் உட்கார்ந்தேன். முன்வரிசையை இரண்டாகப் பிளந்தோம். நடுவில் வரத்துக்கால், இரண்டு கரையிலும் கடைகள். கால்வாய்க்குக் கருங்கல் கரை. கடைக்கு வருகிறவர்கள் தாண்டிப் போக நாலு இடத்தில் கல் பலகை. ஆச்சி வீட்டு முற்றத்தைப் போலக் கடைகளின் ஓட்டுக்கூரை எல்லாம் உள்பக்கம் சாயும். அந்தத் தண்ணீர் ஒரு காரை வடிகாலில் சேர்ந்து, முற்றத்துக்குக் கீழே கட்டிய தொட்டிக்குப் போகும். காபி கிளப்புக்கும் மேலே அறைகளில் தங்குகிறவர்களுக்கும் அதுதான் தண்ணீர். தொட்டி வாயில் ஒரு மரத் தக்கை. முதல் மழையில் தக்கை தொட்டியை அடைத்திருக்கும், அழுக்குத் தண்ணீர் மனை ஓரத்துப் புங்கமரங்களுக்குப் போகும். பிறகு தக்கையைப் பிடுங்கி மரங்களுக்குப் போகும் துளையில் செருகினால் தொட்டிக்கு. தொட்டி வழிந்தால் மீதி, வண்டல் படிய ஒரு குழியில் தங்கி, தெளிந்து வரத்துக்காலுக்கு. கிளப்பில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வரத்துக்கால் பக்கமே எட்டிப் பார்க்கக்கூடாது, அது பின்பக்கம் வாழைப் பாத்திக்கு. முற்றத்துக்குச் சிமெண்டுக்குப் பதில் செம்மண் சரளை என்று வைத்தோம். அதில் விழுகிற தண்ணீரை மண் குடிக்கும்.

வடிகாலுக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, பார்க்கிற இடத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. என் கருவி சரி என்றது. சுப்பையா கண்ணால் பார்த்துவிட்டு, நடுவில் தண்ணீர் நிற்கும் என்றார். ஊற்றிப் பார்க்கலாமே என்றேன். "தண்ணிக்கு எங்குட்டுப் போவீக? உங்க ஊருன்னு நினைச்சீகளா?" என்றார். பெட்டிக்கடைக்குப் போய்க் கோலி சோடா ஒன்றை வாங்கி, குடித்துவிட்டு, பாட்டிலை உடைத்துக் கோலியை எடுத்து வந்தார். காரை மழமழவென்று காய்ந்திருந்தது. மேல் முனையில் கோலியை வைத்தார். ஓடியது. மத்தியில் போய் நின்றது. சுப்பையா மீசையைத் தடவினார்.

கருவியைத் திருப்பித் திருப்பி வைத்துச் சோதித்தேன். கப்பலில் அடிபட்டதோ, ரயிலில் அடிபட்டதோ, குமிழி ஒரு பக்கமாக இழுத்துப் போயிருந்தது. துப்பாக்கியாகவே இருந்திருக்கலாம். சுப்பையா காரையைச் சுரண்டி மறுபடி பூசினார். நான் கருவியைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு கருவியும் சரி என்று சொல்லி, கோலியும் முனை வரை ஓடினால்தான் வேலை முடிந்ததாக இருவரும் ஒத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் அந்த ஊர்ப் பெட்டிக்கடையில் சோடாவே கிடைக்கவில்லை.

ஐப்பசி முழுவதும் மழை இல்லை. முன்வரிசைக் கடைகள் ஓடு வேய்ந்து நின்றன, கால்வாயில் நெருஞ்சி முளைத்தது. தினம் காலையில் ஊருணிக்குப் போய்ப் பார்ப்பேன். இரண்டாம் படிக்குக் கீழே சேறு போலக் கொஞ்சம் தண்ணீர். பாண்டியம்மாள் குடத்தோடு என்னைக் கடந்து போவார். திட்டினாலாவது தேவலை, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி எனக்குக் கொடுத்திருந்த கெடுவும் முடிந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், இருக்கிற இடத்தில் இருப்புக்கொள்ளாமல் திருக்கோஷ்டியூருக்குக் கிளம்பினேன். பெருமாளிடம் நேராகவே கேட்டேன், சுற்றி வளைக்கவில்லை. திரும்பும்போது பஸ் திருப்பத்தூரைத் தாண்டியதும் வானம் இருண்டது. சொட்டுச் சொட்டாக இல்லை, ஒரேயடியாகக் கொட்டியது. பஸ்ஸுக்குள் கூரையும் ஒழுகியது, ஜன்னலும் ஒழுகியது. நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்தாளுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் மனைக்குக் கூப்பிடு தூரத்தில், எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழி விட்டு ஒதுங்கிய பஸ், செம்மண்ணில் வழுக்கியது. டிரைவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார். பின்சக்கரம் இரண்டும் சரிந்து, பொதக்கென்று வரத்துக்காலுக்குள் இறங்கிவிட்டன. இறங்கிய இடம் சரியாக என் கால்வாயின் வாய்.

குதித்து இறங்கிப் பார்த்தேன். மேற்கிலிருந்து சிவப்பாக, நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பஸ் அணை கட்டின மாதிரி குறுக்கே கிடந்தது. தண்ணீர் அதில் மோதி, திரும்பி, கடைகளின் வாசலைப் பார்த்து ஏற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கடைக்குள் புகும். அப்புறம் ரோட்டில் ஏறி எங்கேயோ ஓடிப்போகும்.

"எல்லாரும் எறங்குங்க! தள்ளுங்க!" என்று கத்தினேன். கண்டக்டர் என்னை அதட்டினார், நான் அவரை அதட்டினேன். அதற்குள் சுப்பையா நாலு ஆளோடு ஓடி வந்து, பாலம் போட்டு மிஞ்சிக் கிடந்த பலகைக் கல்லைச் சக்கரத்துக்கு முன்னால் செருகினார். பாண்டியம்மாளும் பெண்களும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்று சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வெட்டினார்கள். திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள், கோயிலுக்குப் போய் வந்தவர்கள், கோழிக்கூடையைத் தலையில் வைத்திருந்த ஒருவர் என்று பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பின்னால் நின்று தள்ளினோம். முதல் தள்ளலில் அசையவில்லை. இரண்டாவதில் என் செருப்பு போனது. மூன்றாவதில் பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. தள்ளிய வேகத்தில் பாதிப்பேர் தண்ணீரில் விழுந்தோம்.

விழுந்த இடத்திலிருந்தே பார்த்தேன். தண்ணீர் என் கடைகளின் நடுவே, கருங்கல் கரைக்குள் அடங்கி, நாலு பாலத்துக்கும் கீழே நுழைந்து, கிழக்கே ஊருணியைப் பார்த்து ஓடியது. இரண்டு பக்கமும் கடைத் தரை காய்ந்து கிடந்தது. கடைசியாக எப்போது அப்படிக் கத்தினேன் என்று நினைவில்லை. சுப்பையாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். அவர் என்னைவிடக் கனம், இருவரும் மறுபடி விழுந்தோம்.

முற்றத்தில் ஆச்சி தனியாக நின்றுகொண்டிருந்தார். தலை முதல் கால் வரை நனைந்து, கண் தொட்டி வாயில் செருகிய மரத் தக்கைமேல். கூரைத் தண்ணீர் புங்கமரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. "இப்ப மாத்தலாமா ஆச்சி?" என்றேன். "பொறுங்க, இன்னும் கொஞ்சம் கழுவட்டும்" என்றவர், ஓடு பளிச்சென்று தெரிந்ததும் தானே குனிந்து தக்கையை மாற்றிச் செருகினார். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தத்தை எல்லோரும் நின்று கேட்டோம்.

மழை விடவில்லை. மறுநாள் காலையில் ஊர் முழுவதும் படித்துறையில் இருந்தது. ஆறாம் படி முழுகிவிட்டது. குடிக்கிற ஊருணியில் யாரும் கால் வைக்கக்கூடாது என்பதால், பாண்டியம்மாள் எட்டாம் படியில் நின்று, குனிந்து ஏழாம் படியில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தார். தண்ணீர் அங்குலம் அங்குலமாக ஏறியது. ஆச்சி என் பக்கத்தில் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார். பூ லேசாக அசைந்தது. பிறகு கல்லைவிட்டு எழுந்து மிதந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்கள் மண்வெட்டியைத் தூக்கிக் கூவினார்கள். பாண்டியம்மாள் முதல் குடத்தைக் கரையிலிருந்த பிள்ளையாருக்கு ஊற்றினார். இரண்டாவது குடத்தை என்னிடம் கொண்டுவந்து, "கையை ஏந்துங்க மலேயாக்காரரே" என்று ஊற்றினார். மண் வாசனையோடு இனித்தது. "இனி இருபது என்ன, முப்பது கடைகூடக் கட்டுங்க. யாரு கேக்குறாக?" என்றார். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானமே முதலாளிக்குத் தந்தி கொடுத்தேன். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? "பெருமழை. கடைகளுக்குச் சேதம் இல்லை" என்று அடித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஆச்சி கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். "கடை இருக்கட்டும். ஊருணி எத்தனை படி?"

ஆச்சி அப்படியே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருசத்துல ஒரு கடுதாசியிலகூட ஊரைப் பத்திக் கேக்காத மனுசன், தம்பி" என்றார். அப்புறம் எழுந்து, என்னையும் சுப்பையாவையும் இழுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனார். எண்ணுவதற்குப் படி எதுவும் இல்லை. கரையில் வெறும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

தபாலாபீஸில் தாளை வாங்கி, "பதினொன்றும் முழுகிவிட்டது" என்று எழுதி நீட்டினேன். போஸ்ட்மாஸ்டரும் அந்த ஊர்க்காரர்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பதினொண்ணுங்கிறதைக் கொஞ்சம் பெருசா எழுதிக் குடுங்க" என்றார். தந்தியில் எழுத்துப் பெரிதாகாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? நான் வேறு தாள் வாங்கி, அதைப் பெரிதாகவே எழுதிக் கொடுத்தேன்.